ஊர்காவல்துறை என்பது போலீஸா, ஊரா? ‘காவல்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு கேள்வி

தங்கச்சிமடத்தான்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சொல்லைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன். அந்தச் சொல்லால் எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் சித்தி மகன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். ஒரு புதன்கிழமை டோக்கன் வாங்கிக்கொண்டு போன படகு மறுநாள் கரைக்கு வரவில்லை. எல்லை தாண்டியதாகச் சொல்லிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று பக்கத்துப் படகுக்காரர்கள் வந்து சொன்னார்கள். அதற்கு அடுத்த நாள் காலையில் டீக்கடைக்குப் பேப்பர் வந்தது. ‘மீனவர்கள் ஊர்காவல்துறை நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டனர்’ என்று போட்டிருந்தது.

சித்திக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஊர்காவல் என்றால் ஆடி அமாவாசைக் கூட்டத்தில் கயிறு பிடித்து நிற்கிற பிள்ளைகள்தானே? அவர்கள் கையில் இருந்தால் பயமில்லை அல்லவா?” என்று கேட்டார். நானும் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். ஆமாம் என்றேன். விளக்கமறியல் என்றால் விளக்கம் கேட்பதற்காக மறித்து வைத்திருக்கிறார்கள், கேட்டு முடித்ததும் விட்டுவிடுவார்கள் என்றும் சொன்னேன். அன்று சாயங்காலம் சித்தி அவனுடைய நீலக் கட்டம் போட்ட கைலியைத் துவைத்துக் கொடியில் போட்டார். மறுநாள் வருகிறவன் குளித்துவிட்டுக் கட்டிக்கொள்ள வேண்டுமே என்று.

அவன் வந்து சேர ஆறு வாரம் ஆனது. முதல் நான்கு நாள் அந்தக் கைலி கொடியிலேயே கிடந்தது. ஐந்தாம் நாள் சித்தியே எடுத்து மடித்து உள்ளே வைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஊர்காவல்துறை என்பது எந்தப் போலீஸ்? காவல்துறை, ஊர்க்காவல் படை, கடலோரக் காவல் படை, நீதிமன்றக் காவல் என்று எல்லாவற்றுக்கும் ஒரே ‘காவல்’ எப்படிப் பொருந்துகிறது? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

மண்டபம் முகாமில் பிறந்தவள்

அண்ணா, உங்கள் சித்தியை நினைத்தால் மனம் கனக்கிறது. அது போலீஸின் பெயர் இல்லை. ஊரின் பெயர். யாழ்ப்பாணத்துத் தீவுகளில் வேலணைத் தீவில் இருக்கிற துறைமுக ஊர்தான் ஊர்காவற்றுறை. ஆங்கிலத்தில் கைட்ஸ் என்பார்கள். நெடுந்தீவுப் பக்கம் பிடிபடுகிற நம் கரை மீனவர்களை அங்கே உள்ள நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது அடிக்கடி நடப்பதால்தான் அந்தப் பெயர் உங்கள் பேப்பரில் வருகிறது. மதுரை நீதிமன்றம் என்று சொல்வதைப் போன்றதுதான், வேறொன்றும் இல்லை.

விளக்கமறியல் என்பது எங்கள் பக்கத்துச் சொல். இங்கே நீங்கள் ரிமாண்ட் என்றும் நீதிமன்றக் காவல் என்றும் சொல்வதைத்தான் அங்கே விளக்கமறியல் என்பார்கள். விசாரணைக்கு இலங்கையில் ‘விளக்கம்’ என்ற சொல் உண்டு. ‘மறியல்’ என்றால் சிறை. மறியற்சாலை என்றால் சிறைச்சாலை. என் அம்மம்மா இலங்கையிலிருந்து இந்த அகதி முகாமுக்கு வந்த புதிதில் பஸ்ஸில் போகும்போது, முன்னால் சாலை மறியல் நடக்கிறது என்று கண்டக்டர் சொன்னாராம். அம்மம்மா என் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “சாலையில் போகிறவர்களையும் இங்கே மறியலில் போடுகிறார்களா?” என்று கேட்டாராம். இறங்கி நடந்தே முகாமுக்குத் திரும்பிவிட்டார்கள். நடுவில் உள்ள கடல் ஒரு ராத்திரிப் பயணம்தான். ஆனால் ஒரே சொல் அந்தக் கரையில் சிறை, இந்தக் கரையில் போராட்டம்.

இன்னொன்று. அங்கே பத்திரிகைகளில் ‘பொலிஸ்’ என்றுதான் எழுதுவார்கள். பொலிஸார், பொலிஸ் நிலையம், பொலிஸ் மா அதிபர். மா அதிபர் என்றால் இங்கே டி.ஜி.பி. போன்ற தலைமைப் பதவி. அதனால் இலங்கைச் செய்தியில் ‘காவல்துறை’ என்று கண்டால் இரண்டு முறை படியுங்கள். பாதி நேரம் அது ஊராக இருக்கும்.

கீழக்கரை டீச்சர்

தங்கச்சிமடத்துத் தம்பி, உன் மேல் தவறில்லை. உனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய ஒன்று விட்டுப்போய்விட்டது. நானும் முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ‘துறை’. இந்தச் சொல்லுக்கு நீர்த்துறை, படகு அணைகிற இடம் என்பதே பழைய பொருள். சலவைத்துறை, படித்துறை, காங்கேசன்துறை எல்லாம் அப்படி வந்தவைதான். அரசாங்கத்தின் இலாகா என்ற பொருள் மிகவும் பின்னால் வந்தது. ஆகவே ஊர்காவற்றுறையில் உள்ள துறை கப்பல் நிற்கிற துறை. நம் காவல்துறையில் உள்ள துறை இலாகா. இரண்டும் எழுத்தில் ஒன்றாக இருப்பதுதான் உன் சித்தியை ஏமாற்றிவிட்டது.

அடுத்தது புணர்ச்சி. காவல் என்ற சொல்லோடு துறை சேர்ந்தால் இலக்கணப்படி காவற்றுறை ஆக வேண்டும். கல்லும் தூணும் சேர்ந்து கற்றூண் ஆகிறது அல்லவா, அப்படி. இலங்கைக்காரர்கள் ஊர்ப்பெயரில் அதை அப்படியே வைத்திருக்கிறார்கள். கடற்றொழில் என்றும் எழுதுகிறார்கள். நாம் பிரித்து எழுதிப் பழகிவிட்டோம், காவல்துறை என்றால் எல்லோருக்கும் புரிகிறது, அதிலும் குற்றமில்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ‘காவற்துறை’ என்று ஒன்றை எழுதுகிறார்களே, அது எந்தக் கணக்கிலும் சேராது. றகர மெய்க்குப் பிறகு தகரம் தமிழில் வரவே வராது. பலகையில் பார்க்கும்போதெல்லாம் சுண்ணாம்பு எடுத்து அழிக்கத் தோன்றும்.

இனி ‘காவல்’. கா என்பது வேர். காப்பு, காவல், காவலன், காப்பகம் எல்லாம் அதில் கிளைத்தவை. பழைய பாட்டுகளில் காவலன் என்றால் அரசன். புறநானூற்றில் ஒரு புலவரின் பெயரே காவற்பெண்டு. இரவில் ஊரைக் காக்கிற வீரர்களை மதுரைக்காஞ்சி ‘ஊர்காப்பாளர்’ என்று சொல்கிறது. மழை பெய்து தெருவில் தண்ணீர் ஓடுகிற நடுராத்திரியிலும் அவர்கள் சோராமல் சுற்றிவருவார்கள் என்று பாட்டில் இருக்கிறது. அதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் கீழக்கரைத் தெருவில் ராத்திரி விசில் ஊதிக்கொண்டு போகிற கூர்க்காவைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். கிரேக்கத்தில் நகரத்துக்குப் ‘போலிஸ்’ என்று பெயர். அந்த வேரிலிருந்து லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்து நம்மிடம் வந்ததே போலீஸ். நம் ஊர்காப்பாளரிலும் ஊர் இருக்கிறது, அவர்கள் சொல்லிலும் ஊர் இருக்கிறது. அடியில் உள்ள நினைப்பு ஒன்றுதான்.

பழைய ஏட்டு

டீச்சர் சொன்ன இலக்கணம் எனக்கும் புதிது. நான் இந்தக் கடற்கரை ஸ்டேஷன்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது புழக்கம். அதைச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஊருக்குள் ‘காவலர்’ என்று எங்களை யாரும் கூப்பிட்டதில்லை. கான்ஸ்டபிள், ஏட்டு, ரைட்டர், எஸ்.ஐ. அவ்வளவுதான். ஏட்டு என்பது ஹெட் என்பது நாக்கில் உருண்டு வந்தது. பெரியவர்கள் ஸ்டேஷனை டாணா என்பார்கள். இந்தியில் தாணா என்பார்களே, அதுதான். அதற்கும் முந்தின தலைமுறைக்குக் கச்சேரி. துப்பாக்கியோடு வாசலில் நிற்பவர் இன்றைக்கும் பாராதான். திருவிழா என்றால் பந்தோபஸ்து. இவையெல்லாம் பாரசீகம், உருது, இந்தி வழியாக வந்தவை என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். பலகையில் காவல் நிலையம் என்று எழுதியிருக்கும், உள்ளே பேசுகிற பாஷையில் ஐந்து நாட்டுச் சொல் இருக்கும்.

இப்போது காகிதத்தில் கான்ஸ்டபிள் காவலர், ஏட்டு தலைமைக் காவலர், எஸ்.ஐ. சார்பு ஆய்வாளர் அல்லது உதவி ஆய்வாளர், எஸ்.பி. கண்காணிப்பாளர். ஏட்டு என்று கூப்பிட்டால் எனக்குக் கோபம் வராது. தலைமைக் காவலரே என்று கூப்பிட்டால் ஏதோ மெமோ வரப்போகிறது என்று தோன்றும்.

தம்பிக்குக் குழப்பம் வந்த இடம் ஊர்க்காவல் படை. நடுவில் க் உண்டு, அதைப் பாருங்கள். அவர்கள் போலீஸ் இல்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டே போலீஸுக்குத் துணையாக வருகிற தன்னார்வலர்கள். அவர்களுக்குத் தனி நீதிமன்றம் என்று ஒன்று கிடையவே கிடையாது. இந்தியாவில் எந்தப் போலீஸுக்கும் சொந்தமாக நீதிமன்றம் கிடையாது. பிடித்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் எங்கள் அதிகாரம்.

அதன் பிறகு வருகிற ‘காவல்’ வேறு. நீதிமன்றக் காவல் என்றால் நீதிமன்ற உத்தரவில் சிறையில் இருப்பது. போலீஸ் காவல் என்றால் விசாரணைக்காக எங்கள் பொறுப்பில் கொடுப்பது, சாதாரண வழக்குகளில் மொத்தம் 15 நாளுக்கு மேல் கொடுக்க மாட்டார்கள். எத்தனையோ தாய்மார்கள் ஸ்டேஷன் வாசலில் வந்து, நீதிமன்றக் காவல் என்கிறார்களே, அப்படியானால் என் பிள்ளைக்கு ஜட்ஜ் அய்யா பாதுகாப்புக் கொடுத்திருக்கிறார்தானே என்று கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்ல நாக்கு எழாது. காப்பதற்கும் அடைப்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்.

தொண்டி மெய்ப்பாளர்

ஏட்டையா சொன்னது என் மேஜையில் தினமும் நடப்பது. நான் அச்சுக்குப் போகும் பக்கங்களைத் திருத்துகிறவன். ‘மீனவர்கள் 8 பேருக்குக் காவல்’ என்று தலைப்பு வந்தால் நான் நிறுத்திவிடுவேன். பாதுகாப்பா, சிறையா? இடம் போதவில்லை என்பார்கள். ‘சிறையில் அடைப்பு’ என்றாலும் அதே இடம்தான் பிடிக்கும் என்று எழுதிக் காட்டுவேன். ‘போலீஸ் பாதுகாப்பு’, ‘போலீஸ் காவல்’ இரண்டையும் எந்தக் காரணத்துக்கும் மாற்றிப் போட விடுவதில்லை.

ஊர்காவற்றுறை விஷயத்தில் தவறு எங்கள் தொழிலின் மேல்தான். முதல் தடவை குறிப்பிடும்போது ‘யாழ்ப்பாணம் அருகே உள்ள ஊர்காவற்றுறை நகர நீதிமன்றம்’ என்று நான்கு சொல் கூட்டிப் போட்டிருந்தால் அந்தக் கைலி கொடியில் கிடந்திருக்காது. இதை எழுதிவிட்டு நேற்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கும் நெடுநாளாக ஒரு கேள்வி உண்டு. போலீஸ் வந்தது, போலீஸ் வந்தார், போலீஸ் வந்தார்கள் மூன்றையும் எழுதி அனுப்புகிறார்கள். அச்சில் நாங்கள் ‘போலீசார்’ என்று ஆர் சேர்த்து, வந்தனர் என்று முடித்துவிடுவோம். கடன் சொல்லுக்குத் தமிழ் மரியாதை விகுதி சேர்த்தது அழகான வேலை என்றே நினைக்கிறேன். ஆனால் ஊரில் யாரும் போலீசார் வந்தனர் என்று பேசுவதில்லை. போலீஸ் வந்துவிட்டது என்றுதான் பேசுகிறார்கள். மனிதர்களை அஃறிணை ஆக்குகிறோமே, இது மரியாதைக் குறைவா, இலக்கணப் பிழையா? டீச்சர்தான் சொல்ல வேண்டும்.

கீழக்கரை டீச்சர்

பிழையே இல்லை! இதற்குத் தொல்காப்பியரே வழி செய்திருக்கிறார். பொருளால் உயர்திணையாக இருந்தும் சொல்லால் அஃறிணைபோல நடக்கிற சொற்கள் என்று ஒரு வரிசை கொடுக்கிறார். அதில் குழு இருக்கிறது, அரசு இருக்கிறது, விருந்து, குழவி எல்லாம் இருக்கின்றன. விருந்து வந்தது என்கிறோம், வந்த விருந்தாளியை அவமதித்தா சொல்கிறோம்? குழு என்ற நினைப்பில் போலீஸ் வந்தது என்பது அந்த வரிசையில் நேராக உட்காருகிறது. காவல்துறை அனுமதி மறுத்தது, கடற்படை திரும்பியது எல்லாம் அப்படித்தான். ஒரே ஒருவரை நினைத்துச் சொன்னால் மட்டும் போலீஸ்காரர் வந்தார், காவலர் வந்தார் என்று சொல்ல வேண்டும். அந்த ஒருவரையும் ‘வந்தது’ என்றால்தான் மரியாதைக் குறைவு.

தேவிபட்டினம் வாசகன்

எல்லோரும் மொழியைச் சொன்னீர்கள். இந்த மண்ணில் ‘காவல்’ என்பது சொல்லாக மட்டும் இருந்ததில்லை, சொத்தாக இருந்தது. நம் சேதுபதிகளின் பட்டமே சேதுகாவலன். ராமேசுவரத்துக்குப் போகிற யாத்திரிகர்களின் வழியையும் அந்தத் துறையையும் காப்பவர் என்று பொருள். அக்கரையில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளும் தங்கள் காசுகளில் ‘சேது’ என்று பொறித்தார்கள்.

சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்று வரும். ஊரைக் காக்கிற பொறுப்பு அது, அதற்காக வாங்குகிற வரிக்கும் அதே பெயர். பிற்காலத்தில் ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் இரண்டு அடுக்குக் காவல் இருந்தது. ஒரு ஊருக்குள் காப்பது தலக்காவல். பல ஊர்களைச் சேர்த்துப் பாளையக்காரர் பொறுப்பில் இருந்தது திசைக்காவல். காவல்காரருக்கு ஊரார் விளைச்சலில் பங்கு கொடுப்பார்கள். மாடோ நெல்லோ களவு போனால் காவல்காரர் மீட்டுக் கொடுக்க வேண்டும். மீட்க முடியாவிட்டால் தன் கையிலிருந்து ஈடு கொடுக்க வேண்டும். இன்றைக்கு ஒரு ஸ்டேஷனில் போய், என் மோட்டார் கிடைக்கவில்லை, விலையைக் கொடுங்கள் என்று கேட்க முடியுமா?

1801-இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கம்பெனி இந்தக் காவல் உரிமையைப் பறித்தது. 1816-இல் ஊர்த் தலைமைக்காரர்களிடம் கிராமப் போலீஸ் வேலையைக் கொடுத்துச் சட்டம் செய்தார்கள். 1859-இல் சென்னை மாகாணத்துக்கென்று தனிப் போலீஸ் சட்டம் வந்து, சம்பளம் வாங்குகிற போலீஸ் படை உருவானது. தலைமுறை தலைமுறையாகக் காவல் செய்து சாப்பிட்ட குடும்பங்களுக்கு ஒரே நாளில் அந்தத் தொழில் சட்டவிரோதம். 1911-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் இந்தப் பக்கத்துச் சாதிகள் சிலவற்றின் மீது பாய்ந்தபோது, காவல்காரரின் பேரப்பிள்ளைகள் ராத்திரியில் ஸ்டேஷனில் கைரேகை வைத்துவிட்டுப் படுக்க வேண்டியதாயிற்று. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்க 1947 ஆகிவிட்டது. காவல் என்ற சொல்லை அவர்களிடமிருந்து எடுத்து, அவர்களைக் காவலில் வைக்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். என் தாத்தா கடைசிவரை போலீஸ் என்றே சொன்னார். காவல்துறை என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

பழைய ஏட்டு

தேவிபட்டினத்துத் தம்பியின் தாத்தாவுக்கு என் வணக்கம். கைரேகைச் சட்டத்தைப் பற்றிச் சொன்னது முழு உண்மை, அதை நியாயப்படுத்த என் வாயில் வார்த்தை இல்லை. ஆனால் பழைய காவலைத் தங்கத் தட்டில் வைத்துக் காட்டக் கூடாது. துப்புக்கூலி என்று ஒன்று இருந்ததே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? மாட்டைக் களவு கொடுத்தவன், அது எங்கே இருக்கிறது என்று துப்புச் சொல்கிறவனுக்குக் கூலி கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வான். துப்புச் சொன்னவனே ஓட்டிக்கொண்டு போனவனாகவும் இருப்பான். காவல் கூலி கொடுக்காத ஊரில் அடுத்த வாரமே மாடு காணாமல் போகும். நான் வேலை பார்த்த காலத்தில்கூட உள்நாட்டுக் கிராமங்களில் அந்தச் சொல்லைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கூலி கொடுக்க வழியில்லாத ஏழைக்கு அந்தக் காவலில் என்ன இருந்தது? சம்பளக்காரப் போலீஸ் எத்தனை குறையுள்ளதாக இருந்தாலும் அவனும் ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம். ஏற்கவில்லை என்றால் மேலே போகலாம்.

தேவிபட்டினம் வாசகன்

துப்புக்கூலியை மறைக்க நினைக்கவில்லை, எழுத்தில் விட்டுப்போனது. நீங்கள் சொன்னது சரி. துப்புத் துலக்குவது, துப்பறிவது என்று நீங்கள் எழுதுகிற சொல்லிலும் அதே துப்புத்தான் இருக்கிறது. ஆனால் ஏட்டையா, அந்தக் கூலியும் பெரும்பாலும் காவல் பறிபோய் வயிற்றுக்கு வழியில்லாமல் போன பிறகு முற்றியது என்பது என் கருத்து. இதில் நாம் இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்துசேர மாட்டோம். மனு எழுதிக் கொடுக்கலாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அது பெரிய விஷயம்.

தங்கச்சிமடத்தான்

எல்லோருடையதையும் இரண்டு தடவை படித்தேன். துறை என்றால் படகுத்துறை என்பது கடற்கரையில் பிறந்த எனக்குத் தோன்றாமல் போனதே என்று இருக்கிறது. இன்னும் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். சித்தி மகன் காணாமல் போன அன்று ராத்திரி நாங்கள் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் அலைந்தோம். கடலோரக் காவல் படை என்கிறார்கள், மெரைன் போலீஸ் என்கிறார்கள், கடற்படை என்கிறார்கள். ஒரு அலுவலகத்தில் போய் நின்றால் இது எங்களுடையது இல்லை என்றார்கள். அங்கே இருந்து அடுத்ததற்குப் போக ராத்திரி பதினொன்று ஆகிவிட்டது. இந்த மூன்றும் வேறு வேறா?

பழைய ஏட்டு

வேறு வேறுதான் தம்பி. இதில்தான் நம் கரை ஆட்கள் அதிகம் அலைகிறார்கள்.

இந்தியக் கடலோரக் காவல் படை மத்திய அரசின் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. 1978-ஆம் வருடச் சட்டத்தில் அமைந்தது. மண்டபத்தில் அவர்களுக்கு நிலையம் இருக்கிறது. பெயரில் காவல் இருக்கிறது, ஆனால் அவர்கள் போலீஸ் இல்லை. கடலில் ஆபத்து, படகு மூழ்குகிறது, ஆள் காணவில்லை என்றால் அவர்களைக் கூப்பிட வேண்டும். எண் 1554. கடலில் யாரையாவது பிடித்தால்கூடக் கரைக்குக் கொண்டுவந்து போலீஸில்தான் ஒப்படைப்பார்கள்.

நீங்கள் மெரைன் போலீஸ் என்பது தமிழ்நாடு போலீஸின் ஒரு பிரிவு. அதன் அரசாங்கப் பெயர் கடலோரப் பாதுகாப்புக் குழுமம். 1994-இல் தொடங்கியது. பெயரில் காவலே இல்லை, ஆனால் போலீஸ் இவர்கள்தான்! வழக்குப் பதிவு, மனு, ரசீது எல்லாம் இவர்களிடம். எண் 1093. கரையிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள கடலில்தான் மாநிலப் போலீஸுக்கு வேலை.

கடற்படை போருக்கு உள்ளது. உச்சிப்புளியில் விமானம் இறங்குகிறதே, ஐ.என்.எஸ். பருந்து, அது அவர்களுடையது. அங்கே மனு கொடுக்கப் போக வேண்டாம்.

படை, துறை என்ற சொற்களை வைத்து ஓரளவு பிரித்துக்கொள்ளலாம் என்று புதியவர்களுக்குச் சொல்வேன். துறை என்றால் மனு வாங்குகிற மேஜை இருக்கும். படை என்றால் அனுப்பினால் போகிறவர்கள். ரயில்வேயில்கூட அப்படித்தான். பெட்டி களவு போனால் ரயில்வே போலீஸில் புகார் கொடுக்க வேண்டும். ரயில்வே பாதுகாப்புப் படை என்பது மத்திய அரசின் வேறு அமைப்பு. எல்லா இடத்துக்கும் இந்தக் கணக்குச் சரியாக வராது, ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு உதவும்.

வேதாளை வலைக்காரர்

இதில் வனத்துறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. எங்கள் பக்கம் தீவுகளைச் சுற்றிப் போனால் எங்களைப் பிடிக்கிறவர்கள் வனக்காவலர்கள்தான். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. கடல் அட்டை 2001-லிருந்து புலி, யானையோடு சேர்ந்து பாதுகாக்கப்பட்ட இனம். நீரில் மூழ்கிப் பாசி எடுக்கிற பெண்கள் அவர்களை ‘பாரஸ்ட்டு’ என்பார்கள். போலீஸ் என்று சொல்லவே மாட்டார்கள். காவலர் என்ற பெயர் இருக்கிறவர்கள் எல்லோரும் போலீஸ் இல்லை என்பது எங்கள் பெண்களுக்கு நன்றாகத் தெரியும்.

மண்டபம் முகாமில் பிறந்தவள்

ஊர்காவற்றுறைக்கு இன்னொரு பழைய பெயரும் உண்டு, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஊராத்துறை. நயினாதீவில் பராக்கிரமபாகு மன்னர் வெட்டி வைத்த தமிழ்க் கல்வெட்டில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. வெளிநாட்டு வணிகர்கள் ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டு. ஆகவே ஊரைக் காக்கிற துறை என்பதால் ஊர்காவற்றுறை என்று எங்கள் ஆட்கள் சொல்லும் விளக்கம் பின்னால் வந்ததாகவே எனக்குப் படுகிறது. ஊராத்துறை என்பது வாயில் மாறி மாறி, பொருள் தெரிகிற மாதிரி ஊர்காவற்றுறை ஆகியிருக்க வேண்டும்.

தேவிபட்டினம் வாசகன்

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். பெயரில் இல்லாத காவல் அந்தக் கல்வெட்டின் உத்தரவில் இருக்கிறதே! வந்து இறங்குகிறவர்களைக் காக்க வேண்டும் என்பதுதானே அதில் உள்ளது.

தங்கச்சிமடத்தான்

இன்று காலை இறங்குதளத்துக்குப் பக்கத்தில் எங்கள் சங்கத்துக் கரும்பலகையில் எழுதி வைத்தேன். டீசல் விலையும் டோக்கன் நேரமும் எழுதுகிற பலகை அது. ‘ஊர்காவற்துறை: யாழ்ப்பாணத்தில் உள்ள ஊர், போலீஸ் இல்லை. விளக்கமறியல்: ரிமாண்ட், உடனே விட மாட்டார்கள். கடலில் ஆபத்து: 1554. மெரைன் போலீஸ்: 1093.’ பெண்கள் நான்கைந்து பேர் நின்று படித்தார்கள். ஒரு அம்மா இரண்டு எண்களையும் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனார். சித்தியும் வந்தார். விரலை வைத்துப் படித்தார். ‘உடனே விட மாட்டார்கள்’ என்ற இடத்தில் விரல் நின்றது. அப்புறம் அதற்குக் கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னார். “எந்தத் தேதிவரை என்று கேள் என எழுது” என்றார். எழுதியிருக்கிறேன்.

கீழக்கரை டீச்சர்

தம்பி, ‘ற்து’ வராது. ‘ற்று’ என்று திருத்து.

தங்கச்சிமடத்தான்

திருத்திவிட்டேன் டீச்சர்.